பேட்டரி ஆலைக்குள் நுழைந்த டாக்டர்: யார் இந்த ஆலிஸ் ஹாமில்டன்?

வீட்டுல கரண்ட் போன அடுத்த நொடியே ஃபேன் மறுபடியும் சுத்த ஆரம்பிக்குதே, அதுக்குக் காரணம் மூலையில் உட்கார்ந்திருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி. அதைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். அந்தக் கனத்தில் பாதிக்கும் மேல் ஈயம். பைக், கார், ஆட்டோ, ஆபீஸ் யு.பி.எஸ். என்று எல்லா இடத்திலும் இதே பேட்டரிதான். லித்தியம் பேட்டரியில் ஓடும் பல எலெக்ட்ரிக் கார்களில்கூட விளக்கு, ஹாரனுக்கு என்று தனியாக ஒரு சின்ன ஈய பேட்டரி இருக்கும். உலகத்தில் இன்று பயன்படுத்தப்படும் ஈயத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேரும் இடம் பேட்டரி.

அமெரிக்க பேட்டரி ஆலைகளுக்குள் போய், இந்த ஈயம் தொழிலாளிகளின் உடம்பை என்ன செய்கிறது என்று நூறு வருடங்களுக்கு முன்பே கணக்கெடுத்து எழுதினார் ஒரு டாக்டர். பெயர் ஆலிஸ் ஹாமில்டன். மருத்துவம் படிப்பவர்களுக்கு ஹார்வர்டின் முதல் பெண் பேராசிரியர் என்று தெரிந்திருக்கலாம். அவர் அங்கே போவதற்கு முன்னால் செய்த வேலைதான் நமக்கு இன்னும் நெருக்கமானது.

ஒரு சின்ன விளக்கம். ஈயம் என்றதும் நம்ம வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு ஞாபகத்துக்கு வரும். அது வெள்ளீயம், வேறு உலோகம். பேட்டரியில் இருப்பது காரீயம். இந்தக் கட்டுரையில் ஈயம் என்று வருவதெல்லாம் காரீயம்தான்.

எங்கே வேண்டுமானாலும் போகலாம்

ஆலிஸ் பிறந்தது 1869 பிப்ரவரி 27, நியூயார்க்கில். வளர்ந்தது இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் என்ற ஊரில். வசதியான குடும்பம். சின்ன வயதில் பள்ளிக்கூடமே கிடையாது, வீட்டிலேயே படிப்பு. அக்கா எடித் பின்னாளில் கிரேக்கப் புராணங்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றவர். அப்பாவின் மளிகை மொத்த வியாபாரம் நொடித்துப்போனதும், பெண்கள் தங்கள் காலில் நிற்க வேண்டிய நிலைமை. ஆலிஸ் டாக்டருக்குப் படிக்க முடிவு செய்தார். டாக்டர் என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம், நகரத்துச் சேரிக்கும் போகலாம், தூர தேசத்துக்கும் போகலாம் என்பது அவர் சொன்ன காரணம். வீட்டிலேயே வளர்ந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று யோசித்துப் பாருங்கள்.

1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். அடுத்து ஜெர்மனியில் மேற்படிப்பு. அங்கே பெண்கள் வகுப்பில் கண்ணில் படாமல் உட்காருவதாக ஒப்புக்கொண்டால்தான் அனுமதி. 1897-ல் சிகாகோவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஹல் ஹவுஸ். ஜேன் ஆடம்ஸ் நடத்திய சமூக இல்லம் அது. இத்தாலி, போலந்து, ரஷ்யா, கிரீஸ் என்று பல நாடுகளிலிருந்து பிழைப்பு தேடி வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், படித்தவர்கள் வாடகை கொடுத்துத் தங்கி அந்த மக்களோடு பழகிய வீடு. ஆலிஸ் அங்கே 22 வருடங்கள் இருந்தார்.

அங்கே அவர் ஆரம்பித்த குழந்தைகள் கிளினிக் பற்றி ஒரு விஷயம். பல் முளைக்கும் வரை குழந்தைக்குப் பாலைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று இத்தாலியத் தாய்மார்களுக்கு அட்வைஸ் செய்துகொண்டிருந்தார். அவர்கள் கேட்கவே இல்லை. பல வருடம் கழித்து, தன் பேராசிரியரைவிட அந்தத் தாய்மார்களுக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது என்று சுயசரிதையில் ஒப்புக்கொண்டார். 1902-ல் அந்தப் பகுதியில் டைஃபாய்டு பரவியபோதும் இதேதான். ஈக்கள்தான் காரணம் என்று ஆராய்ச்சி செய்து சொன்னார், பெரிய பெயரும் வந்தது. பிறகு பார்த்தால், குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது, நகர அதிகாரிகள் அதை மூடி மறைத்திருக்கிறார்கள். பெயர் வாங்கித் தந்த அந்த ஆராய்ச்சியை நினைத்து அவர் கடைசிவரை கூச்சப்பட்டார். தன் தப்பை இப்படி வெளியே சொல்லும் ஆள் என்பதால்தான், அவர் ஈயத்தைப் பற்றிச் சொன்னபோது மறுக்கக் கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கை கழுவாததுதான் காரணமா?

ஹல் ஹவுஸ் அக்கம்பக்கத்தில் ஆண்கள் திடீரென்று வேலைக்குப் போக முடியாமல் படுப்பதை ஆலிஸ் பார்த்தார். வயிற்றைப் பிசையும் வலி. வெளுத்த முகம். ஈறில் நீலக் கோடு. சிலருக்கு மணிக்கட்டு தொங்கிவிடும், கையை நிமிர்த்த முடியாது. இன்னும் முற்றினால் வலிப்பு, புத்திக் கலக்கம். ஈயம் உடம்பில் ஏறினால் நடப்பது இதுதான். ஐரோப்பாவில் இதைப் பற்றி நிறையவே எழுதியிருந்தார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சட்டம் இருந்தது. அமெரிக்காவில் எதுவும் இல்லை. நம்ம நாட்டு ஆலைகள் சுத்தமானவை, இங்கே அந்த நோய் கிடையாது என்பது பொதுவான நம்பிக்கை. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அதனால் நோயே இல்லை. நமக்கும் பழக்கமான லாஜிக்தான் இது.

இல்லினாய் மாநில அரசு தொழில் நோய்களைக் கணக்கெடுக்க ஒரு குழு அமைத்தது. 1910-ல் அந்தக் கணக்கெடுப்புக்கு ஆலிஸ் தலைமை ஏற்றார். ஈயத்தை அவர் தானே எடுத்துக்கொண்டார். ஆலைக்குள் நுழைய அவருக்குச் சட்ட உரிமை எதுவும் இல்லை. முதலாளி கதவைத் திறந்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. அதனால் ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர், பாதிரியார், தொழிற்சங்க ஆட்கள் என்று எல்லோரிடமும் விசாரித்தார். தொழிலாளிகளின் வீட்டுக்கே போய், மனைவிமாரிடம் பேசினார்.

ஒரு சம்பவம். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் ஆலையில் வேலை செய்த ஒருவருக்கு ஈய விஷம் ஏறியிருந்தது. ஆலைக்குப் போய்ப் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆபத்தான வேலை எதுவும் கண்ணில் படவில்லை. குழம்பிப்போய் அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கே போனார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்குக் காட்டியது கடைசிக்கட்ட டச்-அப் வேலை மட்டும். பழுக்கக் காய்ந்த தொட்டி மேல் எனாமல் தூளைத் தூவும் நிஜமான வேலை நடப்பது வேறொரு இடத்தில்.

குழுவின் கணக்கெடுப்பில் ஈயம் சம்பந்தப்பட்ட 70-க்கும் மேற்பட்ட வேலை முறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. சவப்பெட்டி அலங்காரம், கண்ணாடிப் பாத்திரத்துக்கு மெருகேற்றுவது, சுருட்டு சுற்றும் தாள் என்று யாரும் எதிர்பார்க்காத இடங்களிலெல்லாம் ஈயம். அந்தச் சுருட்டுத் தாளுக்குப் பெயர் டின் ஃபாயில், உள்ளே இருந்தது காரீயம். 578 பேருக்கு ஈய விஷம் ஏறியது ஆதாரத்தோடு பதிவானது. 1911-ல் இல்லினாய் சட்டசபை தொழில் நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. ஈய வேலை செய்பவர்களை மாதம் ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டிய சண்டை ஒன்று இருக்கிறது. முதலாளிகள் பலரும், ஏன் டாக்டர்கள் பலரும், தொழிலாளி கை கழுவாமல் சாப்பிடுகிறான், அதனால்தான் ஈயம் ஏறுகிறது என்றார்கள். அதாவது தப்பு அவன் மேல். ஆலிஸ் பார்த்தது வேறு. கையை எவ்வளவு கழுவினாலும் மூச்சை நிறுத்த முடியாது. ஈயத் தூசும் புகையும் நுரையீரல் வழியாக உள்ளே போகின்றன. இதைத் தடுக்க சோப்பு போதாது, தூசு கிளம்பும் இடத்தில் உறிஞ்சு குழாய் வைக்க வேண்டும். சோப்பு என்றால் தொழிலாளியின் பொறுப்பு, குழாய் என்றால் முதலாளியின் செலவு. சண்டை ஏன் வந்தது என்று புரிகிறதா?

நேஷனல் லெட் என்ற பெரிய கம்பெனியின் உயரதிகாரி எட்வர்ட் கார்னிஷிடம் அவர் இதைச் சொன்னபோது, அவர் நம்பவில்லை. தன் ஆலையில் யாருக்காவது விஷம் ஏறியிருப்பதாக நிரூபித்தால், சொன்னபடி செய்வதாக வாக்குக் கொடுத்தார். ஆலிஸ் 22 பேரின் மருத்துவ ஆதாரத்தோடு திரும்பி வந்தார். கார்னிஷும் வாக்கைக் காப்பாற்றினார். தூசு உறிஞ்சும் அமைப்பு வந்தது, ஆலைக்கு டாக்டர்கள் வந்தார்கள். இப்படி ஒரு முதலாளி கிடைத்தது ஆலிஸின் அதிர்ஷ்டம். எல்லோரும் கார்னிஷ் இல்லை.

பேட்டரி ஆலையில் என்ன பார்த்தார்?

அடுத்து மத்திய அரசே கூப்பிட்டது. அந்த ஆஃபர் வேடிக்கையானது: மாதச் சம்பளம் கிடையாது, அறிக்கையை முடித்துக் கொடுத்தால் அரசு அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும். இன்றைய ஃப்ரீலான்ஸ் மாதிரி. ஆலைக்குள் நுழைய இங்கும் அதிகாரம் கிடையாது. பெயின்ட், பீங்கான், ஈயம் உருக்கும் உலைகள் என்று ஒவ்வொரு துறையாக எழுதிக்கொண்டே வந்தவர், 1914 வாக்கில் பேட்டரிக்கு வந்தார். தொழிலாளர் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட 165-ஆம் எண் அறிக்கை, முழுக்க முழுக்க பேட்டரி ஆலைகளில் ஈய விஷத்தைப் பற்றியது.

அது முக்கியமான நேரம். ஈய பேட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளான்டே. அவர் செய்தது இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் முக்கியது. வேலை செய்தது, ஆனால் தகடு தயாராக ரொம்ப நாள் பிடிக்கும். 1881-ல் கமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஈய ஆக்சைடு பொடியைக் குழைத்துத் தகட்டின் மேல் அப்புவது. தயாரிப்பு வேகமாச்சு, பேட்டரி ஒரு பெரிய தொழிலாச்சு. ஈயம் தூளாகி ஆலையின் காற்றில் கலந்ததும் அதோடுதான். நாட்டு மருந்துக்கடையில் மிருதார்சிங்கி என்று விற்பது இந்த ஆக்சைடுகளில் ஒன்று.

ஆலைக்குள் வேலை எப்படி நடந்தது? முதலில் ஈயத்தை உருக்கி, ஜன்னல் கம்பி மாதிரி சட்டம் வார்ப்பார்கள். அங்கே புகை. ஆக்சைடு பொடியைக் கொட்டிக் குழைக்கும் அறைதான் மோசம், ஒவ்வொரு முறை கொட்டும்போதும் தூசு மண்டலம். குழைத்ததைச் சட்டத்தில் கையால் தேய்த்து அப்புவார்கள். ஈரமாக இருக்கும்வரை பரவாயில்லை. காய்ந்ததும் உதிரும், தரையில் விழும், காலில் மிதிபடும், மறுபடி காற்றில் கிளம்பும். கடைசியில் தகடுகளைத் தீயால் இணைப்பார்கள், அதில் திரும்பவும் புகை. ஒரே கூரையின் கீழ் இத்தனையும் நடந்தால், ஆபத்தில்லாத வேலை செய்பவனும் பக்கத்து மேசையின் தூசைத்தான் சுவாசிப்பான்.

அவர் கேட்டதில் ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. குழைக்கும் அறையைத் தனியாகப் பிரியுங்கள். தூசு வரும் இடத்தில் உறிஞ்சு குழாய் வையுங்கள். தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரமாகக் கழுவுங்கள். வேலை உடையும் வீட்டு உடையும் தனித்தனியாக இருக்கட்டும், குளித்துவிட்டு அனுப்புங்கள். சாப்பாட்டு அறை வேறாக இருக்கட்டும். டாக்டர் அடிக்கடி பார்க்கட்டும். பிரிட்டனும் ஜெர்மனியும் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருந்த விஷயங்கள்தான் இவை.

அதே கெட்டரிங்

1912-ல் காடிலாக் கார்களில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை கைப்பிடியைப் போட்டுச் சுற்றித்தான் காரைக் கிளப்ப வேண்டும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய இந்த ஸ்டார்ட்டருக்கு பேட்டரி தேவைப்பட்டது. காருக்கு ஒரு ஈய பேட்டரி என்பது அங்கேதான் வேரூன்றியது.

பத்து வருடத்துக்குள் அதே கெட்டரிங்கின் ஆய்வகத்திலிருந்து இன்னொரு ஈயம் வந்தது. 1921-ல் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் இன்ஜின் தட்டாமல் ஓடும் என்று கண்டுபிடித்தார். 1923-ல் விற்பனை. 1924-ல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த இடத்தில் தொழிலாளிகள் புத்தி பேதலித்து இறந்தார்கள். 1925 மே மாதம் அரசு கூட்டிய கூட்டத்தில் ஆலிஸும் இருந்தார், கெட்டரிங்கும் இருந்தார். ஆலையில் நடக்கும் ஆபத்தையாவது கட்டுப்படுத்தலாம், ஊர் முழுக்க வண்டி விடும் புகையை யார் கட்டுப்படுத்துவது என்பது ஆலிஸின் கவலை. கூட்டத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நிபுணர் குழு, தடை செய்யப் போதுமான காரணம் இல்லை என்றது. ஆலிஸ் தோற்றார்.

எவ்வளவு பெரிய தோல்வி தெரியுமா? இந்தியாவில் ஈய பெட்ரோல் நின்றது 2000-ல். உலகத்தின் கடைசி பங்க்கில் நின்றது 2021-ல், அல்ஜீரியாவில்.

இதற்கு நடுவில் 1919-ல் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி அவரை உதவிப் பேராசிரியராக எடுத்தது. அந்தத் துறையில் அவர் அளவுக்குத் தெரிந்த ஆண் கிடைக்கவில்லை, வேறு வழியில்லை. மூன்று கண்டிஷன்கள் போட்டார்கள். ஆசிரியர்கள் கிளப்புக்குள் வரக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, ஃபுட்பால் மேட்ச்சுக்கு ஓசி டிக்கெட் கேட்கக் கூடாது. மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா, என்ன செய்வதா என்று தெரியவில்லை. வருடத்தில் பாதி நாள்தான் பாடம் நடத்துவேன், மீதி நாள் ஆலைகளுக்குப் போவேன் என்று அவரும் ஒரு கண்டிஷன் போட்டார். 1935-ல் ஓய்வு பெறும்போதும் அவர் உதவிப் பேராசிரியர்தான். 16 வருடத்தில் ஒரு புரமோஷன்கூட இல்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் ஹாட்லைம் என்ற ஊரில், ஆற்றங்கரை வீட்டில் தங்கை மார்கரெட்டோடு கடைசிக் காலம். 1943-ல் சுயசரிதை எழுதினார். 1970 செப்டம்பர் 22-ல் இறந்தபோது வயது 101. மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 29-ல், அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. ஆலைக்குள் நுழைய அரசு அதிகாரிக்கு அதில் உரிமை கிடைத்தது. ஆலிஸுக்குக் கடைசிவரை கிடைக்காத உரிமை. ஈயத் தூசு காற்றில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற விரிவான விதி 1978-ல் வந்தது.

அந்த ஈயம் இப்போ எங்கே?

ஆலிஸ் துரத்திய ஈயம் மூன்று பெரிய இடங்களில் இருந்தது: பெயின்ட், பெட்ரோல், பேட்டரி. பெட்ரோல் முடிந்தது. வீட்டு பெயின்ட்டுக்கு இந்தியாவில் 2016-ல் விதி வந்து, ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்று உச்சவரம்பு வைத்தாச்சு. மூன்றாவது மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

பேட்டரி ஈயத்தின் நல்ல குணம், அதைத் திரும்பத் திரும்ப உருக்கலாம். இன்று உலகத்தில் தயாராகும் ஈயத்தில் பாதிக்கும் மேல் சுரங்கத்திலிருந்து வருவதில்லை, பழைய பொருளை உருக்கி எடுப்பது. பெரும்பாலும் பழைய பேட்டரி. புது பேட்டரி வாங்கும்போது கடைக்காரர் பழசுக்கு எக்ஸ்சேஞ்ச் விலை தருகிறாரே, இதனால்தான். நல்ல ஆலையில் மூடிய இயந்திரத்தில் உடைத்து, புகையை வடிகட்டி உருக்கினால், இது அருமையான மறுசுழற்சி. கொல்லைப்புறத்தில் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கினால் செலவு குறைவு. செலவு குறைவு என்பதால், பழைய பேட்டரிக்கு நல்ல ஆலையைவிடக் கூடுதல் விலை தரவும் முடிகிறது. அதனால் பேட்டரி அங்கே போகிறது.

அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு செனகல் நாட்டின் தியாரோய் சுர் மெர் ஓர் உதாரணம். பேட்டரி ஈயம் கலந்த மண்ணை ஜனங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சலித்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தன. 2020-ல் யுனிசெஃப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்கு ஈயம் இருக்கிறது. மொத்தம் சுமார் 80 கோடி குழந்தைகள், அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 27 கோடியே 50 லட்சம். எல்லாமே பேட்டரியால் வந்தது கிடையாது, மசாலாவில் கலப்படம், பாத்திரம், பெயின்ட் என்று வேறு வழிகளும் உண்டு. ஆனால் முறையில்லாத பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சொல்கிறது. குழந்தைக்கு ஏறும் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். போன அறிவுத்திறனைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை.

இந்தியாவில் பேட்டரிக்கு 2001-ல் விதிகள் வந்தன. 2022-ல் வந்த புது விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. தொழிலாளிக்கும் சட்டம் உண்டு. 1948-ல் வந்து 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தில், டாக்டர் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் இருந்தது. அதில் முதலாவதாக இருந்தது ஈய விஷம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் தொழிற்சாலை என்றால், பொதுவாக மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் குறைந்தது 10 பேர், மின்சாரம் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே தகரக் கொட்டகையில் கோடரியோடு நிற்பவர்கள் பெரும்பாலும் நாலு பேர். சாயங்காலம் அவர்கள் போட்டிருக்கும் சட்டையோடுதான் வீட்டுக்குப் போவார்கள்.